இன்னும் ரெண்டு மிச்சம் இருக்கட்டும்: வயது வந்தவர்களுக்கு வலுப் பயிற்சி சொல்லித் தருவது எப்படி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டு மாடி. மேலே தகர ஷெட். காலை 5.30 மணிக்கு முதல் வகுப்பு. பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ரிட்டயர்டு தலைமை ஆசிரியர் ஒருவர் வருகிறார். சிப்காட்டில் ஷிப்டு பார்க்கும் தம்பிகள் இருவர். மற்றவர்கள் பெரும்பாலும் 40 தாண்டிய பெண்கள். ஏழு மணிக்குள் வீட்டுக்குப் போய்க் குக்கர் வைக்கவேண்டியவர்கள். 16 வருடம் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். இப்போது என்னிடம் சிலர், "அக்கா, நானும் ஒரு பேட்ச் ஆரம்பிக்கப் போறேன், எப்படித் திட்டம் போடுறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியை விட்ட புதிதில் ஒரு ஜிம்மில் பகுதி நேரமாக வேலை பார்த்தேன். லீவுக்கு ஊருக்கு வந்த முப்பது வயதுத் தம்பி ஒருவர் சேர்ந்தார். கல்லூரி முடித்தபிறகு உடற்பயிற்சியே இல்லை. முதல் நாளே நூறு பஸ்கி போடுகிறேன் என்றார். எழுபதில் தொடை நடுங்கியது. நான் நிறுத்தவில்லை. "இன்னும் பத்து, இன்னும் பத்து" என்று பக்கத்தில் நின்று எண்ணியது நான்தான். மூன்றாம் நாள் அவருக்குச் சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனது. பழக்கமே இல்லாத தசையை ஒரே நாளில் அளவுக்கு மீறி வேலை வாங்கினால், தசைச் செல்கள் உடைந்து அதிலிருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். நாலு நாள் டிரிப்ஸ் ஏற்றி, நல்லபடியாக வீட்டுக்குப் போனார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நான்கு நாளும் எனக்குத் தூக்கம் இல்லை.

அன்றிலிருந்து என் வகுப்பில் எண்ணிக்கையை முடிப்பது குறி இல்லை. யார் எந்தப் பயிற்சி செய்தாலும், நிறுத்தும்போது உடம்பில் இன்னும் இரண்டு மூன்று மிச்சம் இருக்கவேண்டும். நாளை மறுநாள் அவர் மறுபடி படியேறி வரவேண்டும். நான் போடும் திட்டம் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது.

சேரும் நாளில் கேட்கவேண்டியது

"உங்களுக்கு ஏதாவது நோய் இருக்கா?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்பார்கள். பொய் சொல்வதற்காக இல்லை. பி.பி.யும் சுகரும் நம் ஊரில் நோய்க் கணக்கில் வருவதில்லை. அதனால் நான் கேட்பது வேறு: "தினமும் என்ன மாத்திரை போடுறீங்க? அட்டையை அப்படியே எடுத்துட்டு வாங்க." அட்டை வந்தால் முக்கால்வாசிக் கதை வந்துவிடும்.

உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் பார்-க்யூ பிளஸ் என்ற படிவத்தில் முதலில் ஏழு பொதுக் கேள்விகள் உண்டு. இதய நோய், நெஞ்சு வலி, தலைசுற்றல், நாள்பட்ட நோய், மருந்து, எலும்பு மூட்டுப் பிரச்சினை, மருத்துவ மேற்பார்வையில்தான் பயிற்சி செய்யவேண்டும் என்று டாக்டர் சொன்னதுண்டா என்று போகும். அதைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கூடவே நம் ஊருக்குத் தேவையான சிலதைச் சேர்த்திருக்கிறேன். சிசேரியனா, எவ்வளவு நாள் ஆச்சு? கர்ப்பப்பை எடுத்திருக்கிறார்களா? குடல் இறக்கம் உண்டா? இருமினால், குதித்தால் சிறுநீர் கசிகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்காதீர்கள். தனியாக, மெதுவாகக் கேளுங்கள். கேட்டதுமே கண் கலங்கியவர்கள் உண்டு. இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை என்பார்கள். அவர்களுக்குக் குதிப்பதை எடுத்துவிட்டு, அடிவயிற்றையும் இடுப்புத் தளத்தையும் (சிறுநீரை அடக்கும்போது இறுகும் தசை) இறுக்கித் தளர்த்துவதிலிருந்து ஆரம்பிக்கலாம். மகளிர் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்க்கவும் சொல்லவேண்டும்.

மாத்திரை அட்டையில் என்ன பார்க்கவேண்டும்? அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை இருந்தால் இதயத் துடிப்பை அதுவே கட்டுப்படுத்தி வைத்திருக்கும். கையில் கட்டிய வாட்ச் காட்டும் எண்ணை நம்பி "இன்னும் வேகமா போங்க" என்று சொல்லக்கூடாது. பேச்சைத்தான் கவனிக்கவேண்டும். ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் குறைக்கவேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் வந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கலாம். 250க்கு மேலே இருந்து உடம்பும் முடியவில்லை என்றால் அன்று பயிற்சி இல்லை, டாக்டரிடம் போகவேண்டும். சர்க்கரையால் கண் விழித்திரையில் ரத்தக்கசிவு வந்தவர்களும், லேசர் வைத்துக்கொண்டவர்களும் கண் டாக்டர் சம்மதம் இல்லாமல் முக்கி எடை தூக்கக்கூடாது. பி.பி. 180/110க்கு மேல் காட்டினால், எவ்வளவு தெம்பாக இருக்கிறேன் என்று சொன்னாலும் உட்கார வைத்து, மறுபடி பார்த்து, குறையாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். ஒரு பி.பி. மெஷின் வாங்காமல் வகுப்பு ஆரம்பிக்காதீர்கள். டம்பெல் அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

ஆறு அசைவு போதும்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த பரிந்துரை இது: வயது வந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுப் பயிற்சி. 65 தாண்டியவர்களுக்கு இவற்றோடு சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி வாரம் மூன்று நாள். நம் ஊரில் மஞ்சக்குப்பம் மைதானத்திலும் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் நடக்கிறவர்கள் ஏராளம். நடையோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அந்த இரண்டு நாள்தான் விடுபட்டுப் போகிறது.

திட்டத்தில் நான் வைப்பது ஆறு அசைவுதான். உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடித்துக் குனிந்து நிமிர்வது, தள்ளுவது, இழுப்பது, தூக்கிக்கொண்டு நடப்பது, நடு உடம்பை அசையாமல் இறுக்கி நிறுத்துவது. இந்த ஆறில் ஒவ்வொன்றுக்கும் எளிதில் இருந்து கடினம் வரை நாலைந்து படி இருக்கும். தள்ளுவதற்குச் சுவரில் கை வைத்துத் தண்டால் முதல் படி. அடுத்தது சமையல் மேடை, அப்புறம் பெஞ்சு, கடைசியில் தரை. இழுப்பதற்கு ஜன்னல் கம்பியில் ரெசிஸ்டன்ஸ் பேண்ட், அதாவது இழுத்தால் நீளும் ரப்பர் பட்டை, கட்டியிருக்கிறேன். கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்கவேண்டும். உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது.

குனிந்து நிமிர்வதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முதுகு பிடித்துக்கொண்டது என்று வருகிறவர்களில் பலர் தண்ணீர் கேனையோ சிலிண்டரையோ தூக்கிய கதையைத்தான் சொல்வார்கள். ஒரு கேன் தண்ணீர் 20 கிலோ. அரிசிச் சிப்பம் 25. வீட்டு கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பதை நெருங்கும். ஜிம் பக்கமே வராதவர்களும் இவற்றைத் தூக்கித்தான் ஆகவேண்டும். அதனால் யாருக்கும் இதைச் சொல்லித் தராமல் விடுவதில்லை.

ஒரு மூங்கில் கழி எடுத்து அவர் முதுகோடு செங்குத்தாக வைக்கிறேன். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், ஒரு கை இடுப்புக்குப் பின்னால் கழியைப் பிடிக்கும். கழி மூன்று இடத்தில் தொடவேண்டும்: பின்மண்டை, மேல் முதுகு, பிட்டத்துக்கு நடுவிலிருக்கும் எலும்பு. இப்போது முட்டியைச் சற்றே தளர்த்தி, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளிக் குனியச் சொல்கிறேன். "ஷேர் ஆட்டோவுல ஏறும்போது எப்படி? முதல்ல பின்பக்கம்தானே சீட்டுக்குப் போகும்? அதே மாதிரி." இதைச் சொன்னதும் பாதிப் பேருக்கு வந்துவிடும். வராதவருக்கு எங்கே முதுகு வளைகிறதோ அங்கே கழி ஒரு இடத்தை விட்டு விலகும். அவருக்கே அது தெரிந்துவிடும், நான் வாயைத் திறக்கவேண்டியதே இல்லை. சுவருக்கு ஒரு சாண் முன்னால் நிற்க வைத்து, பின்பக்கத்தால் சுவரைத் தொடச் சொன்னாலும் வரும். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்க வைக்கலாம். மூன்று வகுப்பு கழியோடு. நாலாவது வகுப்பில்தான் கையில் எடை. அதுவும் தரையில் இருந்து வேண்டாம், ஸ்டூல் மேல் வைத்ததை எடுக்கட்டும். எலும்பின் அடர்த்தி குறைந்தவர்களுக்கு, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ் உள்ளவர்களுக்கு, எடையோடு முதுகை வளைத்துக் குனிவதும், குனிந்தபடி முறுக்குவதும் கட்டாயம் கூடாது.

உட்கார்ந்து எழ பிளாஸ்டிக் நாற்காலி போதும். அது வழுக்கி ஓடாமல் சுவரோடு ஒட்டி வையுங்கள். முட்டி தேய்மானம் உள்ளவருக்குத் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். "மூக்கு கால் பெருவிரலுக்கு நேரா வரட்டும், அப்புறம் எழுந்திருங்க." முட்டி உள்ளே சாய்ந்தால், "முட்டி சுண்டுவிரல் பக்கம் பார்க்கட்டும்." தேய்மானம் என்று ஸ்கேனில் வந்ததுமே, "இனிமே குனியாதே, உட்காராதே" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். தொடைத் தசை இளைக்க இளைக்க முட்டி வலி கூடத்தான் செய்யும். என் அளவு இது: பத்துக்கு மூன்றுக்குள் வலி இருந்து, மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். அதைத் தாண்டினால் உயரத்தைக் கூட்டு, எண்ணிக்கையைக் குறை. முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, கால் மரத்துப்போனாலோ டாக்டர்.

எவ்வளவு, எத்தனை, எப்போது கூட்டுவது

முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு அசைவும் ஒரே செட், அதாவது நிறுத்தாமல் எட்டிலிருந்து பத்து தடவை. வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு செட். ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு வேண்டுமானால் மூன்று. செட்டுக்கு நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. பேசிக்கொண்டிருக்கட்டும், தடுக்காதீர்கள்.

மூன்று செட் பத்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டெலோர்ம், அடிபட்ட வீரர்களின் காலைத் தேற்றுவதற்குப் படிப்படியாக எடை கூட்டும் முறையை வகுத்தார். முதலில் அவர் கொடுத்தது ஏழு முதல் பத்து செட். 1948இல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து அதை மூன்றாகக் குறைத்தார். பத்து தடவை மட்டும் தூக்கக்கூடிய எடையில் முதல் செட் பாதி, இரண்டாவது முக்கால், மூன்றாவது முழுசு. இதை எழுதி மாடிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். முறையை வகுத்தவரே பத்திலிருந்து மூன்றுக்கு வந்திருக்கிறார்.

ஒவ்வொரு செட் முடிந்ததும் ஒரே கேள்வி: "இன்னும் எத்தனை வரும்?" இரண்டு மூன்று என்றால் எடை சரியாக இருக்கிறது. ஐந்துக்கு மேல் என்றால் லேசு. "ஒண்ணுகூட வராது" என்றால் நான் கூட்டியது தப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கணிப்பு முதலில் வராது. தலைமை ஆசிரியர் சார் முதல் மாதம் முழுக்க, "ஏம்மா, இவ்ளோ லேசா குடுக்குற? நான் அந்தக் காலத்துல கர்லா கட்டை சுத்துனவன்" என்பார். "சார், முகத்தைப் பார்த்துட்டுத்தான் குடுக்கிறேன்" என்பேன். முகம் பொய் சொல்லாது. பல்லைக் கடிப்பது, தோள் காதுக்கு ஏறுவது, வேகம் திடீரென்று குறைவது, இந்த மூன்றில் ஒன்று வந்தால் செட்டை நிறுத்திவிடலாம்.

எடை கூட்டுவதற்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. கடைசி செட்டில் சொன்னதைவிட இரண்டு கூடுதலாக, தொடர்ந்து இரண்டு வகுப்பில் செய்தால் மட்டும் கூட்டலாம். அதுவும் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்குள். இங்கேதான் கடையில் வாங்கும் டம்பெல் நம்மை மாட்டிவிடும். 5 கிலோவுக்கு அடுத்தது பெரும்பாலும் 7.5. அது ஒரே தாவலில் பாதிக்குப் பாதி கூடுதல். ஐம்பது வயது அம்மாவின் தோள் அதைத் தாங்காது. நான் பழைய ஜீன்ஸ் துணியைத் தையல்காரரிடம் கொடுத்துச் சின்னச் சின்னப் பையாகத் தைத்து, சலித்த காய்ந்த மணல் நிரப்பி, மளிகைக்கடைத் தராசில் அரைக் கிலோவாக நிறுத்து வைத்திருக்கிறேன். டம்பெல்லோடு வெல்க்ரோ பட்டையால் கட்டிவிடலாம். அதுவும் இல்லையா, எடையைக் கூட்டாமல் எண்ணிக்கையைப் பதினைந்து வரை கொண்டுபோங்கள். அப்புறம் தாவலாம்.

மாலை வகுப்பில் முதுநகர் துறைமுகத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். தோள் வலி என்று வந்தார். தினமும் கூடை தூக்குகிறவர், என் மாடியில் இருக்கும் எந்த எடையும் அவருக்குப் பெரிதில்லை. வழக்கமான திட்டத்தைக் கொடுத்திருந்தால் வேலையில் களைத்த அதே தசைக்கு இன்னொரு சுமையாகப் போயிருக்கும். அவருக்குத் தூக்குவதே வைக்கவில்லை. ரப்பர் பட்டையை மெதுவாக இழுப்பது, கையைப் பக்கவாட்டில் சுழற்றுவது, மல்லாந்து படுத்து மூச்சு விடுவது, அவ்வளவுதான். திட்டம் போடும் முன், மற்ற 23 மணி நேரம் அந்த உடம்பு என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

வகுப்பில் நிற்கும் விதம்

குனிவதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், முட்டியை முன்னால் நின்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தம்தான். "முதுகு நேரா, முட்டி வெளியே, நெஞ்சு நிமிர்த்து, மூச்சு விடு" என்று நாலும் சேர்த்துச் சொன்னால் ஒன்றும் நிற்காது. ஆபத்தானது எதுவோ அதை மட்டும் இன்று திருத்துங்கள். தொட்டுத் திருத்தவேண்டும் என்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

மூச்சைப் பற்றித் தனியாக வகுப்பு எடுக்காதீர்கள். எல்லாரையும் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய் திறந்து எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. மூச்சை அடக்கி முக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், பி.பி. உள்ளவர்களுக்கு அது ஆகாது. பத்துப் பேர் சேர்ந்து எண்ணினால் ஷெட்டே அதிரும். கீழ்வீட்டுக்காரர்கள் இப்போது பழகிவிட்டார்கள்.

வார்ம்-அப் எட்டு நிமிடம். நின்ற இடத்தில் நடை, தோள் சுற்று, பிறகு அன்றைக்குச் செய்யப்போகும் அதே அசைவுகளை எடை இல்லாமல்.

வெயிலை மறக்கக்கூடாது. கடலோரத்தில் காற்றிலேயே ஈரம், வியர்வை வழியுமே தவிர உலராது. உலராவிட்டால் உடம்பு குளிராது. மே மாதக் கத்திரியில் 6.30க்கு மேல் என் ஷெட்டுக்கு அடியில் யாரும் இருப்பதில்லை, செட்டில் ஒன்றைக் குறைத்துவிடுவேன். குளிர்சாதன அலுவலகத்திலிருந்து புதிதாக வருகிறவருக்கு வெயில் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். தலைவலி, வாந்தி வருவது போல இருப்பது, பேச்சு குழறுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது: உடனே நிழல், ஈரத்துணி, விசிறி. பேச்சு குழறினால் 108. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியில் பாசி பிடிக்கும். அந்த இரண்டு மாதமும் தூக்கிக்கொண்டு நடப்பது என் திட்டத்தில் இல்லை.

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்கு இழுக்கும் வலி, காரணமில்லாத மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை வந்தால் "கேஸ் பிராப்ளமா இருக்கும்" என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். உடனே 108. எங்கள் சுவரில் வீட்டு முகவரியும் பக்கத்துக் கோயில் அடையாளமும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. பதற்றத்தில் சொந்த முகவரியே வாயில் வராது. ஒருவர் தெருமுனைக்கு ஓடவேண்டும், ஒருவர் மாடிப்படியில் இருக்கும் செருப்பையெல்லாம் ஒதுக்கவேண்டும். யார் யார் என்பது முன்கூட்டியே முடிவானது. நினைவும் மூச்சும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து சென்டிமீட்டர் ஆழம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலையணையை வைத்துப் பழகுகிறோம். நீங்கள் முறையாக ஒரு முதலுதவிப் பயிற்சி முடித்துவிட்டு வகுப்பை ஆரம்பியுங்கள்.

புரோட்டீன் பவுடர் பற்றி எல்லாரும் கேட்பார்கள். எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்தியர்களுக்கான பரிந்துரை, 60 கிலோ உள்ளவருக்குச் சுமார் 50 கிராம். ஒரு முட்டையில் ஆறு. மீன், பருப்பு, சுண்டல், தயிர் சாப்பிடுகிறவருக்கு அதை எட்டுவது கஷ்டமில்லை. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் சொல்லாதீர்கள்.

நோட்டு

ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் நாள், கையை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 வினாடியில் நாற்காலியில் இருந்து எத்தனை தடவை எழுகிறார் என்று எழுதுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்கள் 12க்குக் குறைவாகவும் ஆண்கள் 14க்குக் குறைவாகவும் செய்தால் அது சராசரிக்குக் கீழே. எட்டாவது வாரம் மறுபடி எண்ணுங்கள். தலைமை ஆசிரியர் சார் 11இல் ஆரம்பித்து 15க்கு வந்தார். அன்று முதல் லேசு என்று சொல்வதை விட்டார்.

போன வருடம் அவருக்குச் சிக்குன்குனியா வந்து ஐந்து வாரம் வரவில்லை. திரும்பி வந்த அன்று நோட்டைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று விரலை வைத்தார். காய்ச்சலோ, ஊருக்குப் போனதோ, மாலை போட்டதோ, மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் பழைய எடையில் பாதி, ஒரே செட். மூட்டில் வலி மிச்சம் இருந்தால் எடையே வேண்டாம். நான் இரண்டு பக்கம் முன்னால் திருப்பி, கழியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கி முதுகில் வைத்துக்கொண்டார்.